பையில்லாத சட்டை

என் அண்ணன் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் சிப்பந்திகளின் சட்டைக்குப் பை கிடையாது. வருஷத்துக்கு இரண்டு வெள்ளைச் சட்டை கடையே தைத்துக் கொடுக்கும். இடது மார்பில் பை இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கும். எதற்காக என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். கடை சாத்தும்போது மேனேஜர் வாசலில் நின்று ஒவ்வொருவர் இடுப்பையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வெளியே விடுவார். அண்ணன் பதினேழு வருஷம் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். எனக்குத்தான் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாம்பலம் ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு போர்ஷனில் மூன்று பேர்: அண்ணன், அவர் மனைவி, நான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மதினி என்போம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதற்காக நான் மூலையில் உட்கார்ந்து அழுததும் இல்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் ஒரே மூச்சில் வரைந்து காட்டுவேன். வீட்டில் எது என்றாலும், "அவ படிச்சவ, அவளைக் கேளு" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுபதுகளின் ஆரம்பம். அண்ணனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது இருக்கும். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடந்தவர் தெருமுனையில் நின்றுவிட்டார். "நெஞ்சுல பாரத்தைத் தூக்கி வச்ச மாதிரி இருக்குட்டி. நடந்தா வருது, நின்னா போயிருது" என்றார். கடையில் ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டுப் பட்டுப்புடவைகளை இறக்கும்போதும் அப்படித்தான் வருகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலைந்து மாசமாம். கத்தினேன். மதினி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

லஸ் பக்கத்தில் ஒரு வயதான டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார், மார்பில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எக்ஸ்ரே திரையில் பார்க்க வேண்டும் என்று இன்னொரு நாள் வரச் சொன்னார். அன்றைக்கு அவர் சிவப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருட்டறைக்குள் போவதற்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டுமாம்.

"நீங்க டீச்சராமே? உங்களுக்கும் ஒரு கண்ணாடி தரேன், செத்த நாழி போட்டுண்டு உள்ள வாங்கோ. பார்த்தா உங்களுக்குப் புரியும்" என்றார்.

என் அண்ணனின் இதயத்தை நான் பார்த்தேன். எத்தனையோ தடவை சாக்பீஸால் வரைந்த ஒன்று, பச்சை வெளிச்சத்தில் நிழலாக அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் ஓரம் உள்ளே சுருங்க வேண்டும். மேலே சுருங்கியது. இடது பக்கத்தில் கீழே ஒரு இடம் மட்டும் ஏனோதானோ என்று லேசாக அசைந்தது. டாக்டர் அந்த இடத்தை விரலால் காட்டினார். அண்ணனை வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வைத்தார். சில நிமிஷம் போனது. மறுபடியும் பார்த்தபோது அந்த ஓரம் முன்னைவிடக் கொஞ்சம் நன்றாக அசைந்ததாக எனக்குத் தோன்றியது. டாக்டருக்கும் தோன்றியது.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஆத்துல அரிசி குறைச்சலா வந்தா என்ன பண்ணுவேள்? உலையைக் குறைப்பேள், அடுப்பை இடிச்சுப் போடமாட்டேள். அந்தச் சதையும் அதைத்தான் பண்ணிண்டிருக்கு. ரத்தக்குழாய் குறுகிப்போயிடுத்து, வர ரத்தம் போறலை. அதனால வேலையைக் குறைச்சுண்டிருக்கு. செத்துப்போகலை. நான் கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன், ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. அதைச் சாகவிடாம பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம்.

மாத்திரை பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வந்தது. வலி வந்தால் உட்கார வேண்டும், நாக்குக்கு அடியில் ஒன்று வைக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் போகாவிட்டால் இன்னொன்று. அதற்கும் நிற்காவிட்டால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார். முதல் மாத்திரை அண்ணனுக்கு நாக்கில் சுருக்கென்றது, கொஞ்ச நேரத்தில் தலை விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் வலி கையால் எடுத்த மாதிரி போய்விட்டது.

கடையில் உட்காரக் கூடாது. சிப்பந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வாடிக்கைக்காரர்கள் திரும்பிப் போய்விடுவார்களாம். அதுகூடப் பரவாயில்லை. நெஞ்சுவலி என்று தெரிந்தால் வேலையே இருக்காது. முந்தின வருஷம் ஒருத்தர் பாவாடைத் துணிப் பிரிவில் மயங்கி விழுந்தார். மறுவாரமே, "ஊருக்குப் போயி உடம்பைப் பாத்துக்கிடும்" என்று ரயிலேற்றிவிட்டார்கள். ஊரில் அண்ணனுக்கு என்ன இருக்கிறது? அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. ஆகவே மாத்திரை கூடவே இருக்க வேண்டும், அது யார் கண்ணிலும் படக் கூடாது. வேட்டி மடிப்பில் குப்பியைச் செருகிக்கொண்டு போனார். மேனேஜர் கை தட்டுகிற இடம் அது. இரண்டு நாள் தப்பித்தார். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் அது நழுவிக் கீழே உருண்டபோது, "கடையில விழுந்திருந்தா?" என்றாள் மதினி.

எனக்கு யோசனை வந்தது. எனக்குத்தானே வரும்.

பழைய பாப்ளின் துண்டில் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பை தைத்தேன். உள்ளே பஞ்சு வைத்தேன், மாத்திரை உடையாமல் இருக்க. அதைப் பனியனுக்கு உள்பக்கம், இடது அக்குளுக்குக் கீழே ஊக்கால் மாட்டிக்கொள்ளலாம். மேலே சட்டை. யார் தடவினாலும் தெரியாது. மீதி மாத்திரைகளை என் பேனா வந்த பிளாஸ்டிக் டப்பியில் பஞ்சைப் பரப்பிக் கொட்டி வைத்தேன், வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பையில் போட வசதியாக. குப்பியின் மேல் பொடி எழுத்தில், இந்தக் குப்பியிலேயே வைக்கவும், இறுக மூடவும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. வாசித்தேன். மழைக்காலத்தில் அப்பளத்தை மூடி வைக்கச் சொல்கிற மாதிரி, ஈரம் படாமல் இருக்கச் சொல்கிறான் என்று எனக்கு நானே பொருள் சொல்லிக்கொண்டேன். ஈரத்துக்குத்தான் பஞ்சு இருக்கிறதே. இங்கிலீஷ் தெரியாதவளாக இருந்தால் பயந்துபோய் அப்படியே விட்டிருப்பேன்.

காலிக் குப்பி அழகாக இருந்தது. மதினி அதைக் கழுவி வெயிலில் காயவைத்து, சாமிக்கு வைத்திருந்த பச்சைக் கற்பூரத்தைப் போட்டாள். கூடவே நாலு மிளகும் போட்டு மூடியை இறுகத் திருகினாள். கற்பூரம் காற்றில் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மாசத்துக்குள் அண்ணனுக்குத் தலைவலி நின்றுபோனது. மாத்திரை போட்டால் தலை தெறிப்பது இல்லை, நாக்கில் சுருக்கென்பதும் இல்லை. எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். அந்த வெள்ளிக்கிழமை மதினி சேமியாப் பாயசம் வைத்தாள். "உடம்புக்கு மருந்து பழகிட்டு. தேறி வாரீங்கன்னு அர்த்தம்" என்று நான் விளக்கம் சொன்னேன். அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது.

"முன்ன மாதிரி சட்டுனு கேக்கலட்டி, கொஞ்ச நேரம் ஆவுது" என்று ஒரு தடவை சொன்னார். நின்று இளைப்பாறியதால்தான் வலி போயிருக்கும், மாத்திரையால் அல்ல. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சில நாள், வாயுவா நெஞ்சா என்று தெரியாமல் குழம்புவார். அதற்கும் என்னிடம் விடை இருந்தது. "மாத்திரைக்குக் கேட்டா நெஞ்சு. கேக்கலேன்னா வாயு. அவ்வளவுதாண்ணே." இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. கடை இருந்த பாண்டி பஜாரில் ஆள்மேல் ஆள். அன்று கடையில் நடந்ததை அண்ணனுடன் வேலை பார்த்தவர் பிறகு வந்து சொன்னார். சாப்பாடு முடிந்து இரண்டு மணி இருக்கும். ஒரு அம்மாள் மேல்தட்டிலிருந்த கத்தரிப்பூக் கலர்ப் புடவையைக் காட்டச் சொன்னார். அண்ணன் ஏறினார், இறக்கினார், பிரித்து விரித்தார். முகத்தில் வேர்வை. சொறிந்துகொள்கிற மாதிரி சட்டைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து வாயில் வைத்துக்கொண்டாராம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அதற்கும் பிறகு இன்னொரு தடவை. வலி நிற்கவில்லை. "என்னண்ணாச்சி?" என்று இவர் கேட்டதற்கு, "வாயுதாம்டே. மாத்திரைக்குக் கேக்கல" என்றாராம். ஒரு சோடா வரவழைத்துக் குடித்தார். அப்புறம் இரண்டு மணி நேரம் நின்றபடியே புடவை காட்டினார். கடைசியில் கணுக்கால் நடுங்க ஆரம்பித்ததும், வயிறு சரியில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கும் இடுப்பைத் தட்டித்தான் விட்டார்கள்.

நாலரை மணிக்கு சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "வாயுட்டி... ஓமத்தண்ணி குடு" என்றார். மதினி உள்ளே ஓடினாள். நான் அவர் கையைப் பிடித்து, "மாத்திரை போட்டீங்களா? கேக்கலையா? அப்ப வாயுதான்" என்று சொன்னேன். ஆமாம், அப்போதும் சொன்னேன்.

ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "இன்னாம்மா, வாயுன்னு நின்னுகினு கீறே? எங்க நைனா இப்டித்தான் போச்சு. கையப் பாரு, ஜில்லுனு கீது. நீ குந்து, நான் ஆசுபத்திரிக்கு இட்டுனு போறேன்" என்றார். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். ஓமத்தண்ணீர்த் தம்ளருடன் மதினி வாசலில் நிற்க, அவர் மிதித்த வேகத்தில் தெரு பின்னால் போனது. மெயின் ரோட்டில் ஒரு டாக்சியை அவரே கைகாட்டி நிறுத்தி, அண்ணனை இரு கையாலும் தூக்கி ஏற்றினார்.

பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு வரும். சாயங்காலமானால் பாதம் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். குளியலறை வரை போய் வருவது ஒரு பயணம். கடைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வெள்ளைச் சட்டையையும் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். மதினி துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

கொஞ்சம் தேறியதும் லஸ் டாக்டரிடம் திரும்பப் போனோம். மறுபடியும் சிவப்புக் கண்ணாடி, மறுபடியும் இருட்டறை. நிழல் பெரிதாகியிருந்தது. இடது கீழ் ஓரம் அசையவே இல்லை. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இடமெல்லாம் உள்ளே சுருங்கும்போது அது மட்டும் லேசாக வெளியே பிதுங்கியது. டாக்டர் விளக்கைப் போட்டார்.

அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "அப்பப்போ மாத்திரை போட்டுண்டுதானே இருந்தார்? தலைவலி வந்துதா?"

"ஆரம்பத்துல வந்துது டாக்டர். அப்புறம் நின்னுடுச்சு."

"எப்போலேர்ந்து?"

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்க ஆரம்பித்தது. பையைப் பற்றிச் சொன்னேன், பஞ்சைப் பற்றி, டப்பியைப் பற்றி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது கற்பூரம் மாதிரிம்மா. குப்பிய விட்டு எடுத்தா பறந்துடும். பஞ்சு குடிச்சுடும், பிளாஸ்டிக் குடிச்சுடும், உடம்புச் சூட்டுல இன்னும் சீக்கிரம் போயிடும். அவர் போட்டுண்டதெல்லாம் வெறும் மாவு."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னார்: "நல்ல மாத்திரையா இருந்தாலும் இந்த அடைப்பு வந்திருக்கலாம். வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நல்ல மாத்திரைக்கே கேக்காத வலின்னா ஓடி வந்திருப்பார். ரெண்டு மணி நேரம் நின்னுண்டிருந்திருக்க மாட்டார்."

ஏன் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பத்து நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பள்ளிக்கூடத்தில் இதயப் பாடம் வந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதினி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். அண்ணன் தலையணையில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை செத்துப்போனதைச் சொன்னேன். வாயு என்று நான் போட்ட சட்டத்தையும் சொன்னேன். என்னைத் திட்டுங்கண்ணே என்று அழுதேன்.

அவர் பேப்பரை மடித்தார். அவர் முகத்தில் ஒரு கணம் வந்து போனது கோபம்தான். நான் பார்த்தேன், தப்பாகப் பார்க்கவில்லை. அது வந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

"உங்க மதினிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இன்னைக்குச் சொல்லிருதேன்."

"சொல்லாத."

"எப்படிண்ணே சொல்லாம..."

"சொல்லாதங்கேன்." சத்தம் போட முயன்றார், மூச்சு முட்டியது. கொஞ்சம் அடங்கியபின் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இனிமே எத்தன நாளுன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? அவ தம்பி ஒரு நாளு சோறு போடுவானா? அவ உங்கூடத்தான் இருக்கணும். நீ போடுத சோத்த அவ நிம்மதியாத் திங்கணும். நீ சொன்னா உனக்குப் பாரம் எறங்கும். அவளுக்கு ஏறும். சொமந்துக்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மதினி குடத்துடன் உள்ளே வந்தாள். "என்னளா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்றாள். தூசி என்றேன்.

அடுத்த ஆடி மாசம் அண்ணன் போய்விட்டார். அதுவரை மாத்திரைக் குப்பியை நான் கையால் தொடவில்லை. அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார், அவரே இறுகத் திருகி வைப்பார்.

மதினி என்னுடன்தான் இருந்தாள். மாம்பலத்திலிருந்து அடையாறுக்கு வீடு மாறினோம், நான் ரிட்டயர் ஆனேன், இருவருக்கும் தலை நரைத்தது. இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் அது குழம்புக்குப் புளி போதுமா போதாதா என்பதில்தான். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் பால்காரனைப் பற்றி ஏதாவது சொல்வேன். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

கடைசிக் காலத்தில் அவளுக்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் வந்துவிட்டது. வேளைக்கு நாலு மாத்திரை. எனக்குக் கை கூசும். "மதினி, நீங்களே பேரைப் பாத்து எடுத்துக்கிடுங்க, எழுத்து பெருசாத்தான் போட்டிருக்கு" என்று ஒருநாள் அட்டைகளை அவள் முன்னால் பரப்பினேன். "எனக்கென்னத்துக்குளா அதெல்லாம்? நீ எடுத்துக் குடு" என்றாள். தினமும் காலையில் காபி குடித்துவிட்டுக் கையை நீட்டுவாள். நான் நாலையும் பிரித்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். குனிந்துகூடப் பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள்.